லேட்டக்கா

மறுநாள் நூலக மாடியில் கண்காட்சி. பல்பு கம்பெனியில் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த இருபது பெண்களின் வரலாறு. பத்தொன்பது பேருக்குப் பலகை தயார். இருபதாவது ஆளிடம்தான் சிக்கல்.

பழைய வருகைப் பதிவேட்டில் அந்த அம்மாவின் பெயருக்கு நேரே முதல் ஒன்பது வருஷமும் சிவப்பு மை. தினமும் கால்மணி நேரம் தாமதம். கைவேலை சுத்தம் என்பதால் வேலையிலிருந்து நிறுத்தவில்லையாம். பதவி உயர்வு மட்டும் கடைசிவரை கிடையாது. கம்பெனியில் அவருக்கு ‘லேட்டக்கா’ என்றே பெயர்.

இதையெல்லாம் தொகுத்தவள், வீட்டில் முதல்முதலாகப் பட்டம் வாங்கிய பெண். ஒரு தேதி தப்பினாலும் சோறு இறங்காத ரகம். எல்லோரிடமும் எட்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை என்ன வேலை செய்தீர்கள் என்று விடாமல் கேட்டு எழுதியிருந்தாள். இப்போது இந்தப் பக்கத்தை மறைத்தால் பொய். சுவரில் மாட்டினால் வயதான மனுஷியை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்த பாவம்.

நேரே அவர் வீட்டுக்கே போய்க் கேட்டுவிட்டாள்.

லேட்டக்கா தையல் மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: “மாட்டிக்கம்மா. பொய்யா என்ன?”

“காரணம் ஏதாவது இருந்தா சொல்லுங்க, அதையும் சேர்த்து எழுதிடறேன்.”

“காலையில எனக்கு வேற வேலை இருந்துச்சு. அவ்வளவுதான்.”

சிரித்தபடியே அடுத்த துணியை எடுத்து மெஷினில் வைத்தார்.

கண்காட்சி அன்று அந்தப் பக்கத்தைக் கதவோரமாக, ஆள் அதிகம் நிற்காத மூலையில் மாட்டினாள். அங்கேதான் கூட்டம் மொய்த்தது. இந்தம்மா வீட்டுக் கடிகாரத்துக்குச் சாவியே கொடுக்க மாட்டாங்க போல என்று ஒருத்தர் கேலி செய்தார். பக்கத்திலேயே நின்றிருந்த லேட்டக்காதான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். தொகுத்த பெண்ணுக்கு முகம் சுண்டிவிட்டது.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் சூப்பர்வைசரம்மா. இருபது பேரில் ஒருத்தராகச் சேர்ந்து, ஒரு நாள்கூடத் தாமதமாகாமல் வந்து, மேலே உயர்ந்தவர். கூடத்தின் நடுவில் அவர் படம்தான்.

சிவப்பு மைப் பக்கத்தின் முன்னால் அவர் கால் நின்றது.

“இதை யாரு மூலையில மாட்டினது?”

“நான்தாம்மா. உள்ளதை உள்ளபடி... வேணும்னா எடுத்துடறேன்.”

“எடுத்தே, கையை ஒடிச்சுடுவேன். என் படத்தைக் கழட்டிட்டு அந்த இடத்துல இதை மாட்டு.”

லேட்டக்கா அவசரமாகக் குறுக்கே வந்தார். “ஏய், சும்மா இரேன்டி.”

“நீ சும்மா இரு. அன்னிக்கும் இப்படித்தான் எங்களை வாயைத் திறக்க விடலை.”

சூப்பர்வைசரம்மா பெண்ணின் பக்கம் திரும்பினார்.

“கம்பெனி மணி எட்டுக்கு அடிக்கும். ஸ்கூல் கேட்டும் எட்டுக்குத்தான் திறக்கும். எங்க பத்தொன்பது பேர் பிள்ளைங்களையும் வரிசையா கூட்டிட்டுப் போய் ஸ்கூல்ல விட்டுட்டு, அப்புறமா வேலைக்கு வந்தவ இவ. நேரத்துக்கு வர்றவங்கன்னு நாங்க பேர் எடுத்ததே இவ லேட்டா வந்ததாலதான்மா.”