மெழுகில் நைனா

அர்ஜுனன் அடுப்பில் சூடேறிய கரண்டியை எடுத்து நைனாவின் நெற்றியில் அழுத்தினான். மெல்லப் புகை வந்தது.

“கண்ணாண்ட பாத்து வைடா” என்றாள் அம்மா வேலம்மா. சூளூர்ப்பேட்டைத் திங்கட்கிழமைச் சந்தையில் கருவாடு விற்றுவிட்டு அப்போதுதான் கோட்டைக்குப்பம் திரும்பியிருந்தாள். தலைக்கூடையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

பலகையில் இருந்த நைனா சத்தமில்லாமல் சூட்டை வாங்கிக்கொண்டார்.

அர்ஜுனன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். தேன்மெழுகையும் குங்கிலியப் பிசினையும் உருக்கி, வண்ணப்பொடி கலந்து, ஆறுவதற்குள் பலகையில் இழுத்துப் படம் போடுவான். காகிதத்தில் வரைந்தால் ஊரோர ஏரிக்காற்றின் ஈரம் இரண்டே மழையில் பூசணம் பிடிக்க வைத்துவிடும். குங்கிலியம் மட்டும் நைனா வழி வந்தது. அப்பா நீலமேகம் அதை எண்ணெயில் காய்ச்சிப் படகு ஓட்டைகளை அடைத்தவர்.

அவர் ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஒரு விடியற்காலையில் கடலுக்குப் போனார். படகு மட்டும் கரை ஒதுங்கியது. அப்போது அர்ஜுனனுக்கு மூன்று வயது, தங்கை மனோரமா அம்மா வயிற்றில். வீட்டில் அவருடைய போட்டோ ஒன்றுகூடக் கிடையாது.

இந்த எழுபத்தொன்பது தை மாதத்தில் மனோரமாவுக்குக் கல்யாணம். “நைனா படத்துக்கு மாலை போட்டு வுழுந்து கும்பிட்டாதான் மணையில ஒக்காருவேன்” என்று அவள் சொல்லிவிட்டாள்.

“கவலப்படாத. அம்மா சாயல் இல்லாம நம்மகிட்ட இன்னா இருக்கோ, அது நைனா குடுத்தது. வகுப்புல நான் நடத்தற பாடந்தான்” என்றான் அர்ஜுனன்.

மோவாய்க் குழியைத் தன்னிடமிருந்து எடுத்தான். ஒட்டிய காதுமடல் மனோரமாவுடையது. மூக்குக்கு நைனாவின் அக்கா தனக்கோடி அத்தையை அரைநாள் உட்கார வைத்தான். முப்பது வயது ஆள் ஒருவர் பலகையில் எழுந்து வந்தார்.

வேலம்மா கூடையை இறக்கிவிட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“முன்முடிய எடுத்துடு. ஏறுநெத்தி.”

“முப்பது வயசுலயா?”

“எடுடா.”

எடுத்தான். அடுத்த திங்கட்கிழமையும் சந்தையிலிருந்து வந்தவள் நேராகப் படத்தின் முன்னால் நின்றாள்.

“கன்னம் இவ்ளோ உப்பலா இல்ல. ஒட்ட வை. மீசயில வெள்ள சேத்துக்கோ.”

அதற்கடுத்த திங்கட்கிழமை வேறொன்று வந்தது. “எடது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு.”

“தழும்பா? தனக்கோடி அத்த சொல்லவே இல்லியே.”

“அத்தைக்கு இன்னா தெரியும். நான் சொல்றத போடு.”

மனோரமா அண்ணனைத் தனியாக இழுத்துப் போனாள். “சின்ன வயசுல போனவர கெழவனாக்கறாங்களே. அம்மாவுக்கு ஒடம்பு ஏதாச்சும்?”

“அதெல்லாம் இல்ல. அம்மா மனசுல நைனாவுக்கும் கூடவே வயசாவுது. அவ்ளோதான்.”

அதன் பிறகு அம்மா சொன்ன எதற்கும் அவன் மறுத்துப் பேசவில்லை. மெழுகைச் சூடாக்கி ஒவ்வொரு சுருக்கமாகப் பொறுமையாய் இழைத்தான்.

நாலாவது திங்கட்கிழமை படம் முடிந்தது. வேலம்மா அருகில் போய்ப் பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள். வாசல்பக்கம் வெளிச்சத்துக்குத் திருப்பி வைக்கச் சொல்லி மறுபடியும் பார்த்தாள்.

“அப்டியே இருக்காரு” என்றாள்.

“எல்லாம் சயின்ஸும்மா” என்றான் அர்ஜுனன். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

மனோரமா சாமந்தி மாலையோடு ஓடி வந்தாள். வேலம்மா அதைக் கையில் வாங்கித் துணிக்கொடியில் போட்டாள். பிறகு இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து மகனிடம் நீட்டினாள்.

“யாருக்கும்மா இது?”

வேலம்மா பலகையைப் பார்த்து மோவாயை ஆட்டினாள்.

“இந்த மூஞ்சிய நல்லா பாத்துக்கோ, சூளூர்ப்பேட்ட சந்தையில வல வித்துனு இருக்காரு, போய் வெச்சுட்டு வா.”