கண்ணாடிக்குள் ஒரு வரி

கண்ணாடிக்குள் எழுதியது பத்தாயிரம் வருடம் அழியாதென்றால், அத்தனை காலமும் இந்தப் பொய் என் பெயரில்தானே நிற்கும் என்று நினைத்தாள் தாரகை. இமைப்பதற்குள் லட்சம் முறை துடிக்கும் லேசரால், இறந்தவர்களுக்கான நினைவுக் கண்ணாடிகளுக்குள் எழுதுவது அவள் வேலை. மேலே கீறல்கூட விழாது, காயமெல்லாம் உள்ளேதான். செத்துப்போன அவள் கணவனும் வெளியே தெரியாத இடமாகப் பார்த்துத்தான் அடிப்பான்.

“‘என் புருஷன் தங்கமானவர்’னு ஒரே ஒரு வரி. பெண்டாட்டி சொன்னாத்தான் நாலு பேர் நம்புவாங்க,” என்றாள் மாமியார்.

“உங்களுக்குத் தெரியாததா அத்தை?”

“தெரியும்டி. செத்தவன் மேல என்ன கோபம்? ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் பொய் எழுதுறே, இவனுக்குன்னா மட்டும் கை வலிக்குதாக்கும்!”

தாரகை அவன் பெயரையும், பிறந்த தேதியையும், இறந்த தேதியையும் எழுதி, கண்ணாடியைத் துடைத்து மாமியாரிடம் நீட்டினாள்.

“இதுக்கு மேல எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எழுதுற மாதிரி இல்ல, அத்தை.”