பதினான்கு மெசேஜ்

"இந்த மெசேஜ் வர்றத நிப்பாட்டித் தாங்க தம்பி" என்று அந்தோனியம்மா போனைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள்.

கஹவத்தை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த அந்தப் போன் கடையில் றிஸ்மி மட்டும்தான் இருந்தான். தோட்டத்து பஸ்ஸில் இறங்கி நேரே வந்திருந்தாள் போல. சேலை ஓரமெல்லாம் மழைச் சேறு.

"எது அக்கா, வாட்ஸ்அப்பா?"

"அது இல்ல. மத்தது. சும்மா வருமே, அது."

விளம்பரத்தைச் சொல்கிறாள் என்று நினைத்தான். ரீலோட் சலுகை, லோன், லொத்தர் சீட்டு. எஸ்எம்எஸ்ஸில் இப்போது வேறென்ன வருகிறது?

இந்தப் போன் அவனிடம் வாங்கியதுதான். வாங்கியவள் மூத்த மகள் ரோஷானி. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதற்கு முதல் நாள், தனக்கொன்று அம்மாவுக்கொன்று என்று வாங்கி, வாட்ஸ்அப் போட்டுத் தரச் சொன்னாள். அதில் பேசுவதை நடுவில் யாராலும் கேட்க முடியாது, கம்பெனிக்காரனால்கூட முடியாது என்று றிஸ்மி சொன்னதும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். சாள்ஸுக்கும் அவளுக்கும் அப்போதுதான் நிச்சயம் ஆகியிருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் அவளிடமிருந்து வருவது நின்றுபோனது. இங்கிருந்து எதை அனுப்பினாலும் ஒற்றை டிக்கோடு நின்றது.

அந்த ஒற்றை டிக்கை அந்தோனியம்மா தோட்டத்து லயத்தில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினாள். எவனோடோ ஓடிவிட்டாள், எங்களை அறுத்துவிட்டாள் என்று வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மாதா கோயில் பக்கம் போகவே கூச்சமாக இருக்கிறது என்றாள்.

சாள்ஸ் இரண்டு வாரம் விடாமல் குடித்தான். பிறகு ரோஷானியின் தங்கச்சி டிலுக்ஷியை அவனுக்குத் தருவதாகப் பேசி முடித்தார்கள். வருகிற ஞாயிறு கல்யாணம். றிஸ்மிக்கும் சொல்லியிருந்தார்கள்.

அவன் எஸ்எம்எஸ்ஸைத் திறந்தான். விளம்பரங்களுக்கு நடுவே ஒரு குவைத் எண். பதினான்கு மெசேஜ்.

'அம்மா நான் ரோஷானி. மேடம் என் போன பறிச்சிட்டா. இது பக்கத்து வீட்டுல வேல செய்ற ஹட்டன் அக்காட போன். இதுல நெட் இல்ல. இதுக்கே அனுப்புங்க.'

'ஏஜென்சில போய்ச் சொல்லுங்கம்மா. அவங்க பேசுனாத்தான் விடுவாங்க.'

'கையில அயன் பெட்டிய வச்சிட்டாங்க.'

கடைசியாக வந்தது ஆறு நாளுக்கு முன்: 'நீங்க பாக்குறீங்களான்னு தெரியல. சாள்ஸ்கிட்டயாவது சொல்லுங்க.'

றிஸ்மி போனை அவள் பக்கம் திருப்பினான்.

"அக்கா, ஒங்கட மகள் எவனோடயும் ஓடல்ல! அந்த வீட்டுலதான் ஈக்கிறா. அடைச்சி வச்சி சூடு போடுறாங்க."

எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினான்.

அந்தோனியம்மா அழவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிர்ச்சியாக இருக்கும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன், ஏஜென்சிக்குப் போவோம், இல்லாவிட்டால் பொலிஸுக்கே போவோம் என்றான்.

அவள் உட்காரவில்லை.

றிஸ்மி மறுபடி போனைப் பார்த்தான். படிக்காத மெசேஜ் தடித்த எழுத்தில் நிற்கும். விளம்பரங்கள் அத்தனையும் தடித்து நின்றன.

குவைத் மெசேஜ் ஒன்றுகூடத் தடித்திருக்கவில்லை.

"இந்த போன வேற யாரு அக்கா பாக்கிற?"

"யாரும் தொட மாட்டாங்க. நான்தான் பாக்குறது."

வெளியே எம்பிலிப்பிட்டிய பஸ் கத்திக்கொண்டு போனது.

"டிலுக்ஷிக்கு இது நாலாம் மாசம்" என்றாள். "அக்கா வர்றான்னு தெரிஞ்சா சாள்ஸ் தாலி கட்ட மாட்டான். இவ பூச்சி மருந்தக் குடிச்சிருவா. ஒருக்கா குடிக்கப் போனவதான்."

நாலு மாதம். றிஸ்மி மனதுக்குள் எண்ணிப் பார்த்தான். ரோஷானி பேசாமல் போய் இரண்டு மாதம்தான்.

"ஞாயித்துக்கெழம வீடு முழுக்க ஆளுங்க. போன் யார் யார் கையிலயோ இருக்கும். டிங்குனு இது வந்து விழுந்தா எவனாச்சும் வாசிப்பான். அதான் வந்தேன்."

"பெத்த புள்ள அக்கா."

"ரெண்டும்தான்."

அவன் போனைக் கீழே வைத்தான்.

"ஒங்களால ஏலாதுன்னா சொல்லுங்க. மக்கீன் போன் கடைக்குப் போறேன்."

மேசைமேல் பேனா இருந்தது. பில் புத்தகம் இருந்தது. அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ள அரை நிமிடம் போதும். எழுதினால் பிறகு யாரிடமாவது சொல்ல வேண்டும். சொன்னால் ஒரு கல்யாணம் நிற்கும், வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி நிற்பாள், நாளைக்குத் தோட்டமே இந்தக் கடை வாசலில் வந்து நிற்கும். அவன் இந்த ஊரில் கடை நடத்த வேண்டியவன்.

பதினான்கையும் அழித்தான். எண்ணை பிளாக் பண்ணினான். போனை அவள் பக்கம் தள்ளினான்.

அவள் அதை முந்தானையில் துடைத்து எடுத்துக்கொண்டாள். படி இறங்கியவள் திரும்பி வந்தாள்.

"நிப்பாட்டுனது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. இதுல டிக் எல்லாம் இல்ல. அவட பக்கம் போயிட்டுது என்டுதான் காட்டும்."

கடைக்குள் வந்ததிலிருந்து இறுகிக் கிடந்த முகம் அப்போதுதான் கொஞ்சம் தளர்ந்தது.

"அப்ப சரி. அம்மா வாசிக்கிறான்னு நெனச்சிக்கிட்டு இருக்கட்டும்."