தூதுவளைக் கட்டு

காட்டு ஆஸ்பத்திரிக்கு இருமல் மருந்துக்கான தூதுவளையைக் கொண்டுவருவது ஒரு வெள்ளாடு. அங்கே பெரிய டாக்டரான கரடிக்கோ, சரக்கு கொண்டுவருபவர்களை வாசலில் காக்க வைத்தால்தான் தனக்கு மரியாதை என்று நினைப்பு.

அன்றும் விடிந்ததும் வந்த ஆடு, கட்டைச் சுமந்தபடி உச்சிவெயில்வரை நின்றது. கால் கடுத்தது, வயிறு கூப்பாடு போட்டது. உள்ளே குரங்குக்குட்டி இருமி இருமித் துவண்டுவிட்டது.

"இலை எங்கே?" என்று கரடி பதறிக்கொண்டு ஓடிவந்தது.

ஆட்டின் வாயில் ஒரு காம்பு மட்டும் தொங்கியது.

"காலையிலேயே வந்துடுச்சுங்க டாக்டர். பசியை நான் எவ்வளவு நேரந்தான் காக்க வைக்கிறது?"

கரடியே புதருக்கு ஓடி, முள் குத்தக் குத்த இலை பறித்துவந்து குட்டியைத் தேற்றியது.

மறுநாள் ஆடு வந்தபோது, அதற்கு முன்பே வாசலில் ஒருவர் காத்து நின்றார். கையில் புல்லுக்கட்டோடு பெரிய டாக்டர்.