துபாய் வெளிச்சம்

“ஆன்ட்ரூஸ் சாரே, இன்னைக்குக் கோபுரத்துக் குருசு லைட்டு எரியலன்னா நாளையிலேருந்து நீரு செயலாளரு இல்ல. சொல்லிப்போட்டேன்” என்றார் திருவிழாக் குழுத் தலைவர் சிலுவைதாசன்.

பள்ளி ஆசிரியரான ஆன்ட்ரூஸ் பணிவுடன் தலையசைத்தார். கொடியேற்றத்துக்கு ஊர் முழுவதும் கோயில் முற்றத்தில் திரண்டு நின்றது. தினமும் வழக்கமான மின்வெட்டு எந்நேரமும் வரலாம் என்று ஜெனரேட்டரும் முன்கூட்டியே ஓடிக்கொண்டிருந்தது. கோபுரத்து வண்ண விளக்குகளையும் உச்சிச் சிலுவையையும் ஆட்டிவைக்க வேண்டிய கட்டுப்பாட்டுப் பெட்டி மட்டும் அசையாமல் கிடந்தது.

அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் மேடையிலிருந்த மடிக்கணினிக்கு வந்தது. மடிக்கணினியோ இணையத்தின் வழியே துபாயோடு பேசிக்கொண்டிருந்தது. துபாய் பொறியாளர் தேவகுமாரைத் தேடிக் கண்டுபிடித்துத் தந்தவர் ஆன்ட்ரூஸ்தான்.

“கவலை வேண்டாம் ஐயா. இங்கிருந்தே கட்டளைகளை அனுப்புகிறேன்” என்றது மடிக்கணினி, வானொலியில் செய்தி வாசிப்பவரின் தமிழில்.

திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. அதைக் கண்ட சிலுவைதாசன், மடித்துக் கட்டியிருந்த வேட்டியை மரியாதையாக இறக்கிவிட்டார்.

“பாத்தீரா வோய்! கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகிட்டு இஞ்ச தொடுதாரு! துபாய் மூளையாக்கும். கழிஞ்ச வருஷம் நம்ம மீன்காரி விக்டோரியாக்க மவன், அந்த சிஜோ பய, ‘நான் பி.இ. படிச்சிருக்கேன், நான் செஞ்சு தாறேன்’னு வந்து நின்னானே! தெக்குத் தெருவுல மூக்கொழுக்கிட்டு நடந்த பயலுக்க கையில கோயில் லைட்டக் குடுக்க ஒக்குமா?”

“அதெப்படி ஒக்கும், தலைவரே” என்றார் ஆன்ட்ரூஸ், நெற்றியைத் துடைத்தபடி.

“ஐயா, கட்டளை போகிறது, பெட்டியிடமிருந்து பதில் வரவில்லை. கேபிளைக் கழற்றி மறுபடியும் மாட்டுங்கள்” என்றது மடிக்கணினி.

ஆன்ட்ரூஸ் மாட்டினார். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக ஓடின.

“இப்போது கோபுரத்தைப் பாருங்கள்.”

அடித்தளம் சிவந்தது. நடுப்பகுதி மஞ்சளாயிற்று. உச்சியில் குருசு வெள்ளை வெளேரென்று எரிந்தது. வெடிகள் முழங்கின. பெண்கள் குலவையிட்டார்கள்.

“கொள்ளாம்!” என்று துள்ளிய சிலுவைதாசன் ஒலிவாங்கியைப் பற்றினார். “அன்பான இறைமக்களே! துபாயில இருந்து ஒரு விரல் அசைஞ்சுது, இஞ்ச நம்ம குருசு எரிஞ்சுது! இனி வருஷா வருஷம் நம்ம கோயில் லைட்டு துபாய் சாருக்குத்தான். சார் இப்ப உங்க முன்னால ரெண்டு வார்த்தை பேசுவாரு.”

“வேண்டாம் தலைவரே, அவருக்கு அங்கே ஆயிரம் வேலை இருக்கும்” என்று ஆன்ட்ரூஸ் குறுக்கே வந்தார்.

“சும்ம கெடயும் வோய்! நன்றி சொல்லாண்டாமா?” என்று அவரைத் தள்ளிவிட்டு, ஒலிவாங்கியை மடிக்கணினியோடு ஒட்டிப் பிடித்தார் சிலுவைதாசன்.

“அனைவருக்கும் துபாயிலிருந்து என் பணிவான வணக்கம்…” என்று ஒலிபெருக்கிகள் தொடங்கின.

அந்நேரம் பார்த்து மின்வெட்டு வந்தது. ஜெனரேட்டரின் தயவில் கோயில் மட்டும் ஜொலிக்க, சுற்றியிருந்த தெருக்கள் எல்லாம் ஒரே நொடியில் இருண்டன.

நான்கு ஒலிபெருக்கிகளிலும், தினமும் காலையில் தெருத்தெருவாக “மீனோ… மீனு!” என்று கூவும் அதே குரல் அதிர்ந்தது:

“ஏலே சிஜோ, கரண்டு போச்சு மக்கா! மெழுவுதிரிய எங்க வச்ச?”

வெடி போடுகிறவனும் நின்றுவிட்டான். சிலுவைதாசன் எரிகிற குருசைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார், பிறகு ஒலிவாங்கியை மெல்லத் தன் வாயருகே கொண்டுவந்தார்.

“அன்பான இறைமக்களே… துபாயிலயும் கரண்டு போச்சு!”