பொல்லாத அம்மா

"மன்னிச்சுக்குங்க கேரல். பார்ட்டிக்கு வரட்டும். ஆனா என் பொண்ணு ராத்திரி இன்னொருத்தர் வீட்ல தங்க மாட்டா."

ஜெயலீலா ஆங்கிலத்தில்தான் சொன்னாள். வாசலில் நின்றிருந்த கேரலின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது.

கேரல் பக்கத்துத் தெருக்காரி. அவள் மகள் ஸ்டேசிக்கு அன்று ஒன்பதாவது பிறந்தநாள். வகுப்புத் தோழிகளெல்லாம் தலையணையோடு வந்து, இரவு அங்கேயே தங்கி, காலையில் பான்கேக் சாப்பிட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. 1984-ல், டெக்ஸஸின் ரிச்சர்ட்சனில், மூன்றாம் வகுப்புப் பெண்களுக்கு அதைவிடப் பெரிய திருவிழா கிடையாது.

"என் கணவர்கூட ஊர்ல இல்ல. வீட்ல நாங்க பொம்பளைங்க மட்டும்தான்," என்றாள் கேரல்.

"எங்க பக்கம் அந்த வழக்கம் இல்ல. எட்டு மணிக்கு நானே வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

ஸ்டேசியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் பியூலா தரையைக் காலால் உதைத்தாள்.

"ப்ளீஸ் அம்மா! எல்லாரும் தங்கறாங்க!"

"சொன்னா சொன்னதுதான்."

"யூ ஆர் ஸோ மீன்! பொல்லாத அம்மா! ஐ ஹேட் யூ!"

அழுதபடி ஓடி, அறைக் கதவை அறைந்து சாத்தினாள்.

"பாவம் பியூலா," என்றாள் ஸ்டேசி, தன் அம்மாவிடம். கேரல் மகளை அணைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

உள்ளே சோபாவில் காபியோடு உட்கார்ந்திருந்த பள்ளித் தோழி கிருபாராணி அதற்காகவே காத்திருந்தாள்.

"எந்த ஊர் வழக்கம்டி லீலா இது? பாளையங்கோட்டையில ஆறாம் கிளாஸ்லயே நம்ம ரெண்டு பேரையும் ஹாஸ்டல்ல தள்ளிவிட்டாங்க. நாம வீட்ல படுத்ததே லீவுலதான்!"

"அது வேற."

"என்ன வேற? கேரல் நாம போற சர்ச்சுக்குத்தானே வர்றா? சண்டே அங்க நாலு பேர்கிட்ட சொல்லுவா. இண்டியன்ஸே இப்படித்தான்னு நினைப்பாங்க. உன்னால என் மானமும் சேர்ந்து போகுது."

"போகட்டும்."

"எங்கம்மாவே உன்னைவிட மாடர்ன். அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்தியா? பெரியவளானா உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டா."

ஜெயலீலா காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டாள். பின்கட்டில் துணி ட்ரையர் மணியடித்து நின்றது.

"இது ஒண்ணு! எப்ப வந்தாலும் ஓடிட்டே இருக்கு. வீட்ல மூணே பேர். தினமும் அப்படி என்னத்தைத்தான் துவைக்கிறே?"

கிருபாராணி கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"பிள்ளைகிட்ட ஆன்ட்டி பை சொன்னாங்கன்னு சொல்லு. உன்கிட்ட சொல்லிக்கல."

கார் தெருமுனையில் திரும்பும்வரை ஜெயலீலா ஜன்னலோரம் நின்றாள். பிறகு ட்ரையரிலிருந்து துணிகளை வாரிக்கொண்டு மகளின் அறைக் கதவைத் திறந்தாள்.

பியூலா பார்ட்டி ஃப்ராக்கில் கண்ணாடி முன் நின்றிருந்தாள். கன்னத்தில் மட்டும் ஈரம் காயவில்லை.

"போயிட்டாங்களா?"

"போயாச்சு."

"நான் நல்லா அழுதேனா, அம்மா?"

"அழுகை நல்லாத்தான் இருந்தது. அந்த 'ஐ ஹேட் யூ' நாம பேசி வச்சதுல இல்லையே?"

பியூலா ஓடி வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "ஸாரி. ஸ்டேசி நம்பணுமே."

"நம்பிட்டா. எல்லாரும் நம்பிட்டாங்க."

கட்டிலில் மெத்தையின் மேல் ரப்பர் ஷீட் விரித்திருந்தது. காலையில் நனைந்து கிடந்த விரிப்பு, துவைத்து உலர்ந்து, இப்போது ஜெயலீலாவின் கைகளில் வெதுவெதுப்பாக இருந்தது. அம்மாவும் பெண்ணும் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, ரப்பர் ஷீட் தெரியாதபடி அதைப் பரப்பினார்கள்.

"அம்மா... அந்த விஷயத்தை நீ யார்கிட்டயும் சொல்லலியே?"

ஜெயலீலா விரிப்பின் கடைசிச் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"எந்த விஷயம்?" என்றாள்.