செல்லுக்குச் சாயம்

“எழும்பி நில்.”

கௌரி எழுந்து நின்றாள். மேசை விளக்கு அவள் முகத்தை நோக்கித் திருப்பப்பட்டது. வெள்ளவத்தையின் பகல் வெயிலை வெளியே நிறுத்தி, யன்னல் சீலை இழுத்து மூடப்பட்டிருந்தது.

“பேர்?”

“கௌரி நாகேந்திரம்.”

“ஊர்?”

“சாவகச்சேரி. கொழும்புக்கு வந்து ரெண்டு வருஷம். பொலிஸ் பதிவு இருக்கு.”

தடி மேசையில் இரண்டு தரம் தட்டியது. பிறகு வெள்ளித்தாள் சுற்றிய சின்னப் போத்தலைச் சுட்டி நின்றது.

“இதென்ன?”

“சாயம். கம்பஸ் ஆராய்ச்சிக்கு லண்டனிலையிருந்து எடுப்பிச்சது.”

“துணிக்குப் போடுறதோ?”

“இல்லை, செல்லுக்கு.”

“செல்லுக்கோ?” தடி உயர்ந்தது. “ஆர் அடிக்கிற செல்லுக்கு?”

கௌரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“வந்து விழுந்து வெடிக்கிற செல் இல்லை. எங்கட உடம்பிலை இருக்கிற செல். இந்தச் சாயம் ஒட்டினால் மைக்ரஸ்கோப்பிலை பச்சையா ஒளிரும். எந்தச் செல்லிலை நோய் எண்டு கண்டுபிடிக்கலாம்.”

“சாயத்துக்கு ஏன் வெள்ளித்தாள்? கழட்டு.”

“கழட்டமாட்டன். வெளிச்சம் பட்டுக்கொண்டிருந்தால் ஒளிராமப் போயிடும். ஆறு மாசம் காத்திருந்து வந்த சாமான். இது பழுதானால் என்ர படிப்பும் போச்சு.”

“கத்திக் கதைக்கிறியோ?”

மேல்வீட்டில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. கேள்வி கேட்ட குரல் சட்டென்று தணிந்தது.

“கண்ணுக்கு விடுற மருந்தெண்டு சொல்லு. பிரச்சினை முடிஞ்சுது.”

“பொய் சொன்னால் பிறகு அதைத்தான் கிண்டுவீங்கள். என்னட்டைக் களவுச் சாமான் இல்லை, கம்பஸ் கடிதம் இருக்கு. நான் ஏன் பொய் சொல்லோணும்?”

“பிடிச்சு உள்ளுக்குப் போட்டால்?”

“போடுங்கோ. அங்கை வந்து கேட்டாலும் சாயமெண்டுதான் சொல்லுவன்.”

“அடிச்சால்...”

கேள்வி பாதியில் உடைந்தது. தடி கைநழுவி மேசையில் விழுந்தது.

கௌரி விளக்கை அணைத்தாள். போத்தலை எடுத்து ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடினாள். பிறகு மேசையைச் சுற்றிப் போய், தடியை நழுவவிட்ட கையைப் பிடித்தாள்.

“அம்மா, பழகினது போதும். நாளைக்குச் செக்பொயின்ற்றிலை ஆமிக்காரர் இதெல்லாத்தையும் சிங்களத்திலை கேப்பாங்கள், அப்பவும் இதைத்தான் சொல்லுவன்.”